கேட்போர் பலர், புரப்போர் யார்?

பத்துப்பாட்டில் ஐந்து நூல்கள் ஆற்றுப்படை என்னும் துறையைச் சார்ந்தவை. அவற்றுள் திருமுருகாற்றுப்படை நீங்கலாக ஏனைய நான்கும் கலைஞரின் வயிற்றுப்பாட்டைப் பற்றியனவாகும். பரிசில் பெற்று மீளும் ஒருவன், வறுமையோடு எதிரே வரும் மற்றொருவனைக் கண்டு, இன்ன வழியே சென்று இன்ன வள்ளலைக் காண்பாயாக என வழிப்படுத்துவதே இத்துறையின் பொருள். முடத்தாமக் கண்ணியார் பாடிய பொருநராற்றுப்படையில், கரிகாற் சோழன் தன்னை நாடி வந்த பொருநனின் கந்தலைக் களைந்து, புத்தாடை உடுத்தி, சோறும் ஊனும் அளித்து, அவன் விடைபெறுங்கால் ஏழடி உடன் நடந்து வழியனுப்பிய செய்தி வருகிறது. அரசன் பாட்டைக் கேட்டான், கேட்டவனே கொடுத்தான், கொடுத்தவனே உடன் நடந்தான்.

இந்தச் செய்தியில் மூன்று தொழில்கள் அடங்கியுள்ளன. வழி காட்டுவது ஒன்று, கேட்பது ஒன்று, புரப்பது ஒன்று. பண்டைக் காலத்தில் கேட்போனும் புரப்போனும் ஒருவனாகவே இருந்தமையால், வழி காட்டிய அளவிலேயே பாணனின் பசி பாதி தீர்ந்தது. இணைய நாளில் இம்மூன்றும் தனித்தனியே பிரிந்துவிட்டன. வழி காட்டுவது எந்திரம், கேட்போர் கோடிக்கணக்கானோர், புரப்போர் யார் என்பதுதான் விளங்கவில்லை. திரைப்படத்தையும் பெரிய இசைத்தட்டு நிறுவனங்களையும் சாராமல், தாமே பாட்டெழுதி, தாமே மெட்டமைத்து, தாமே வெளியிடும் தனித்தியங்கும் இசைஞரின் நிலையை ஆராய்வார்க்கு இப்பிரிவினையே முதலில் கண்ணுக்குத் தெரிய வேண்டுவது. கேட்போர் பெருகினால் வருவாய் தானே பெருகும் என்னும் நம்பிக்கை எவ்வளவு பொருந்தும் என்பதைப் பினாங்கிலிருந்து தொடங்கி நோக்குதல் தகும்.

பினாங்கு கண்ட பழைய வழி

பினாங்குத் தீவு இசைஞரைப் பெற்றுத் தருவதில் என்றும் குறைவுபட்டதில்லை. அவர்களை வைத்துக் காப்பாற்றுவதில்தான் குறை. 1929 ஆம் ஆண்டு இத்தீவில் பிறந்த பி. ரம்லி, 1948 இல் சிங்கப்பூர் சென்று ஷா சகோதரர்களின் படப்பிடிப்பு நிலையத்தில் சேர்ந்தார்; பாடகர், நடிகர், இயக்குநர், இசையமைப்பாளர் எனப் பல துறைகளிலும் ஓங்கினார். எனினும் 1973 இல் கோலாலம்பூரில் அவர் மறைந்தபோது கைப்பொருள் குன்றியிருந்தார் என்பது நாடறிந்த செய்தி. இன்று ஜார்ஜ் டவுனில் அவர் பெயரால் ஒரு சாலை இருக்கிறது. அவர் பிறந்த வீடு நினைவில்லமாகப் போற்றப்படுகிறது. பாட்டு வாழ்ந்தது, பாடியவர் வாழ்ந்த விதம் வேறு.

தமிழர் குடும்பத்திலிருந்து எழுந்த எடுத்துக்காட்டு ‘ஆலிகேட்ஸ்’ இசைக்குழு. டேவிட் ஆறுமுகம், லோகநாதன் ஆறுமுகம் என்னும் உடன்பிறந்தார் இருவரும் 1960களின் இறுதியில் பினாங்கில் தொடங்கிய இக்குழு, 1970களில் ஹாங்காங் இரவு விடுதிகளில் பாடிப் பிழைத்து, பின்னர் மலாய்ப் பாடல்களால் மலேசியா முழுவதும் புகழ் பெற்றது. 2007 ஜூன் மாதம் லோகநாதன் மறைந்தபோது எல்லா இனத்தாரும் துயருற்றனர். ஆயின், இக்குழுவினர் சென்ற வழியை நோக்குக. ஊரில் திறமை உண்டு. ஊரில் வருவாய் இல்லை. கடல் கடந்து சென்று கூலிக்குப் பாட வேண்டும். அதன்பின் இசைத்தட்டு நிறுவனம் ஒன்று கைதூக்கிவிட வேண்டும். நிறுவனத்தின் வாயில் திறக்காதவனுக்கு ஊர்க் கல்யாணமும் கோவில் திருவிழாவுமே எல்லை.

நிறுவனம் என்னும் அந்த வாயில்காப்போனை இணையம் அகற்றிவிட்டது என்பது இன்று எங்கும் கேட்கும் பேச்சு. இதில் உண்மை இல்லாமலில்லை. கெடாவின் அலோர்ஸ்டாரில் பிறந்த யூனா என்னும் மலாய்ப் பாடகி, மைஸ்பேஸ் தளத்தில் தம் பாடல்களைத் தாமே ஏற்றிக் கேட்போரைத் திரட்டினார்; 2011 இல் அமெரிக்க நிறுவனம் ஒன்று அவரை ஏற்றுக்கொண்டது. ஓர் இளம்பெண் தன் அறையில் கித்தார் இசைத்துப் பாடியது உலகின் மறுகோடியில் கேட்டது என்பது முந்தைய தலைமுறை கனவிலும் காணாதது. ஆயினும் இங்கே ஒன்று நினைக்கத் தக்கது. இணையம் அவருக்குக் கேட்போரைத் தந்தது; வெளிநாட்டு மேடைகளும் பெரும் ஆல்பங்களும் நிறுவனத்தின் துணையோடு வந்தன. வாயில்காப்போன் அகலவில்லை; அவன் நிற்கும் இடம்தான் மாறியது.

‘வல்லவன்’ திறந்த வாயில்

மலேசியத் தமிழிசையில் இம்மாற்றத்தின் தொடக்கத்தைக் காட்டுவது யோகி பி., நட்சத்திரா குழுவினர் 2006 இல் வெளியிட்ட ‘வல்லவன்’ என்னும் ஆல்பம். யூடியூப் 2005 இல்தான் தோன்றியிருந்தது. யோகி பி. அதற்கு முன்னரே ‘பொயட்டிக் அம்மோ’ குழுவில் பல மொழிகளில் ‘ராப்’ எனப்படும் சொல்லிசையைப் பாடிப் பெயர் பெற்றவர். ‘வல்லவன்’ தமிழ்ச் சொல்லிசைக்கு ஒரு தனி நிலையைத் தேடித் தந்தது. அதிலுள்ள ‘மடை திறந்து’ கடல் கடந்து தமிழ்நாட்டை எட்டியது; 2007 இல் வெளிவந்த ‘பொல்லாதவன்’ திரைப்படத்தில் யோகி பி.யின் குரல் ஒலித்தது. பத்தாண்டு கழித்து 2017 இல் ‘விவேகம்’ படத்திலும் ஒலித்தது. அதுவரை சென்னையிலிருந்து மலேசியாவுக்கு மட்டுமே பாய்ந்த இசையாறு ஒருமுறையேனும் எதிர்த்திசையில் பாய்ந்தது என்பது சிறு நிகழ்ச்சி அன்று.

எனினும், ஆய்வுரை பாராட்டோடு நின்றுவிடலாகாது. ‘மடை திறந்து’ 1980 இல் வெளிவந்த ‘நிழல்கள்’ படத்தில் இளையராஜா அமைத்த பாடலை அடிப்படையாகக் கொண்டது. படத்தில் அது வாய்ப்புக்காக ஏங்கும் ஓர் இளம் இசைஞனின் கனவுப் பாட்டு. வாய்ப்புக்காக ஏங்கிய மலேசிய இளைஞர்கள் அதனையே எடுத்துத் தம் வாழ்வைச் சொல்லிசையாக அதனுள் பெய்தது பொருத்தம் நிறைந்த தேர்வு. அதில் புதுமையும் உண்டு, நன்றியும் உண்டு. ஆனால் கதவைத் திறந்த சாவி கடன் வாங்கிய சாவி என்பதையும் மறத்தற்கில்லை. கேட்போனுக்கு ஏற்கெனவே பழகிய மெட்டு அவனை எளிதில் நிறுத்தி வைத்தது. அவ்வெற்றியைக் கண்ட பின்வந்தோர் பலர், கடனைக் கடன் என்று உணராமல், பழகிய திரைமெட்டின் மேல் ஏறி நிற்பதே வழி என்று எண்ணிவிட்டனர். அந்த எண்ணத்தின் விலை என்ன என்பதைப் பணம் நடக்கும் பாதையை அறிந்தால்தான் உணர முடியும்.

எண்ணிக்கை எவ்வாறு காசாகிறது?

ஸ்பாட்டிபை 2013 இல் மலேசியாவுக்கு வந்தது. மாதச் சந்தாவும் விளம்பரமும் அதன் வருவாய். இவ்வருவாயில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கைப் பாட்டின் உரிமையாளருக்குக் கொடுப்பதாக அந்நிறுவனம் கூறுகிறது. தாராளமாகவே தோன்றும். ஆனால் பங்கிடும் முறைதான் கவனிக்கத் தக்கது. ஒருவர் செலுத்தும் சந்தா அவர் கேட்ட பாடகருக்கு நேரே செல்வதில்லை. எல்லாருடைய பணமும் ஒரே தொகையாகச் சேர்க்கப்பட்டு, மொத்தக் கேட்பு எண்ணிக்கையில் ஒவ்வொரு பாட்டுக்கும் உள்ள விகிதப்படி பிரிக்கப்படுகிறது. பட்டர்வொர்த்தில் ஒருவர் மாதம் முழுவதும் பினாங்குப் பாடகர் ஒருவரை மட்டுமே கேட்டாலும், அவர் செலுத்திய பணத்தின் பெரும்பகுதி உலகில் மிகுதியாகக் கேட்கப்படும் பாடகர் பக்கமே போய்ச் சேரும்.

ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டுவோர் ஒவ்வொருவருடைய வாளியையும் தனித்தனியே நிறுத்துக் கணக்கெழுதிய பின்னரே பாலைப் பெருந்தொட்டியில் ஊற்றுவது வழக்கம். நிறுவையில் சண்டை வரும். கங்காணியோடு வாக்குவாதம் வரும். ஆயினும் இன்னார் பால் இவ்வளவு என்னும் கணக்கு ஒன்று இருந்தது. இணையத் தளத்திலோ முதலில் தொட்டியில் ஊற்றிவிட்டுப் பின்னர் பங்கு பேசுகின்றனர். ஒரு சந்தாதாரரின் பணம் அவர் கேட்டவர்க்கே செல்ல வேண்டும் என்னும் முறையை 2021 இல் சவுண்ட்கிளவுட் தளம் சிறு கலைஞர் பொருட்டுத் தொடங்கியது. அதனால் வேறு முறை இயலாது என்பதும் உண்மையன்று என்று தெளிவாகிறது.

இதனோடு முடியவில்லை. 2024 முதல், முந்தைய 12 மாதங்களில் 1,000 முறையேனும் கேட்கப்படாத பாட்டுக்கு ஸ்பாட்டிபை பங்கு கணக்கிடுவதில்லை. யூடியூப் 2018 இல் வகுத்த விதிப்படி, நெடிய காணொளிகளுக்கு விளம்பர வருவாயில் பங்கு வேண்டுவோர்க்கு 1,000 சந்தாதாரரும், ஓராண்டில் 4,000 மணி நேரப் பார்வையும் தேவை. பெரிய ஊரிலிருந்து பெரிய மொழியில் பாடுவோர்க்கு இவை சிறு படிகள். மலேசியத் தமிழரோ சிறு தொகையினர். அவருள்ளும் ஒரு பகுதியினருக்காகப் பாடும் இளைஞனுக்கு இவை மதில்கள்.

கடன் வாங்கிய மெட்டின் விலை இங்கேதான் தெரிகிறது. யூடியூப் 2007 முதல் ஒலியை அடையாளம் காணும் ஒரு பொறிமுறையை வைத்திருக்கிறது. ஏற்றப்படும் காணொளியில் பிறருக்கு உரிமையான இசை இருப்பின், அதனைக் கண்டுபிடித்து, விளம்பர வருவாயை உரிமையாளர் பக்கம் திருப்பிவிட அஃது இடங்கொடுக்கிறது. பழைய திரைப்பாடலைப் புதுக்குரலில் பாடி இலட்சம் பார்வை பெற்ற இளைஞர், அந்த இலட்சத்தால் வளர்ந்தது பிறர் தோட்டம் என்பதைப் பின்னரே அறிகிறார். இதில் எவர்மேலும் குற்றமில்லை. மெட்டு அமைத்தவருக்கு உரியது அவரைச் சேர்வதே நீதி. 2017 இல் இளையராஜா, தம் பாடல்களை உரிய அனுமதியின்றி மேடையில் பாடலாகாது என்று எஸ். பி. பாலசுப்பிரமணியத்துக்கே அறிவிக்கை அனுப்பினார். பெரும் பாடகருக்கே இந்நிலை எனின், ஊர்ப் பாடகர் தம் சொந்த மெட்டைத் தேடிக்கொள்வது மானத்துக்கு மட்டுமன்று, வயிற்றுக்கும் வேண்டுவதாகும்.

சொந்தப் பாட்டும் காக்கவில்லை

அவ்வாறாயின், சொந்தமாகப் படைத்த பாட்டு கோடிக்கணக்கான செவிகளை எட்டினால் எல்லாம் சரியாகிவிடுமா? இதற்கு விடை கூறுவது தமிழ்நாட்டில் பிறந்த ஒரு பாட்டின் வரலாறு. 2021 மார்ச் மாதம் வெளிவந்த ‘எஞ்சாயி எஞ்சாமி’ தீ, அறிவு ஆகியோர் பாடியது. சந்தோஷ் நாராயணன் இசையில் வந்தது. திரைப்படம் எதனையும் சாராத இப்பாட்டை யூடியூபில் மட்டுமே 40 கோடி முறைக்கு மேல் கண்டும் கேட்டும் உள்ளனர். தனித்தியங்கும் தமிழிசையில் இதற்கு நிகரான பரவல் அதற்குமுன் இருந்ததில்லை.

இப்பாட்டின் உயிர் ஒப்பாரியிலும் தோட்டப்புற வாழ்விலும் இருக்கிறது. அறிவின் பாட்டி இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துப் பின் தமிழகம் திரும்பியவர். நிலத்தைத் திருத்தியவனுக்கு நிலம் இல்லை, தோட்டத்தை வளர்த்தவனுக்குத் தோட்டத்தின் பயன் இல்லை என்னும் நெடுங்காலத் துயரமே அதன் பொருள். மலேசியத் தோட்டங்களில் வளர்ந்த எவரும் இதனை உரை வேண்டாமலே உணர்வர். துயரத்தைச் சொல்லும் பாட்டு ஆடத் தூண்டும் தாளத்தில் அமைந்தது முரண்போலத் தோன்றலாம். சாவு வீட்டிலும் பறையொலிக்கு ஆடிய மரபினர்க்கு அது முரணன்று. ஒப்பாரி, உழவு, உறவு முறைகள், பறவையும் நாயும் பூனையும் எல்லாம் ஒரே மூச்சில் வந்து சேர்வதால், இப்பாட்டு அறிவுரை கூறாமலே ஓர் உலகத்தைக் காட்டிவிடுகிறது. அதன் வெற்றி எந்திரம் காட்டிய வழியால் மட்டும் வந்ததன்று. சொந்த மண்ணைப் பாடியதால் வந்தது.

ஆனால் பாட்டின் விதி பாட்டின் பொருளையே பின்பற்றியது. ஆக்கத்தில் யாருக்கு எவ்வளவு பங்கு என்பது பற்றி 2022 இல், சென்னைச் சதுரங்க ஒலிம்பியாட் தொடக்க விழாவை ஒட்டிப் பெரும் விவாதம் எழுந்தது. 2024 மார்ச் மாதம், பாட்டு வெளிவந்து மூன்றாண்டு நிறைந்தபோது, தமக்கும் தீக்கும் அறிவுக்கும் அதனால் அதுவரை ஒரு காசும் வந்து சேரவில்லை எனச் சந்தோஷ் நாராயணன் வெளிப்படையாக அறிவித்தார். வருவாயைத் தடுத்து வைத்ததாகக் கூறப்பட்டதை வெளியிட்ட நிறுவனம் மறுத்தது. எத்தரப்பின் கணக்குச் சரி என்று தீர்ப்பது திறனாய்வின் வேலையன்று. கோடிக்கணக்கானோர் கேட்ட பாட்டின் வருவாய் பற்றி மூன்றாண்டுக்குப் பின்னும் இருவேறு கூற்று நிலவ முடிந்தது என்பதே போதிய சான்று. கேட்பு எண்ணிக்கை அனைவர் கண்ணிலும் படும்படி பாட்டின் கீழே எழுதியிருக்கிறது; பணக்கணக்கு எங்கும் எழுதியிருக்கவில்லை. தோட்டம் செழித்ததை ஊரே கண்டது. நட்டவன் கைக்கு என்ன வந்தது என்பதை எவரும் காணவில்லை.

புகழும் திறமையும் உடையோர்க்கே இந்நிலை நேரும் எனின், ஜார்ஜ் டவுனில் ஓர் அறையில் ஒலிவாங்கியோடு அமர்ந்திருக்கும் இளைஞனுக்குக் கூறத்தக்க பாடம் ஒன்றே. எண்ணிக்கை என்பது புகழின் அளவு, வருவாயின் அளவன்று. இரண்டையும் இணைப்பது ஒப்பந்தம் என்னும் தாள்.

தளத்துக்கேற்ற பாட்டு

பணம் மட்டுமே இழப்பாயின் அது பொருளாதார ஆய்வாளர் கவலை என விட்டுவிடலாம். ஆனால் இம்முறை பாட்டின் உருவத்தையும் தொடுகிறது. ஸ்பாட்டிபையில் ஒரு பாட்டு 30 விநாடி ஒலித்தால்தான் ஒரு கேட்பாக எண்ணப்படும். ஆகவே முப்பது விநாடிக்குள் கேட்போன் தப்பிவிடாதபடி பிடித்து நிறுத்த வேண்டும் என்னும் கவலை பாடகனை ஆட்கொள்கிறது. முன்னிசை சுருங்குகிறது, பல்லவி தொடக்கத்திலேயே குதித்து வருகிறது, பாட்டு மெல்ல விரிந்து சூடேறும் இயல்பு குன்றுகிறது. ஆலாபனை கேட்டுப் பழகிய மரபினர் இதன் இழப்பை எளிதில் உணர்வர். இசைத்தட்டும் ஒருகாலத்தில் பாட்டை மூன்று நிமிடத்துக்குள் அடக்கியதே என்று சிலர் கூறலாம். உண்மையே. ஆனால் தட்டு கேட்பவனை எழுந்து போகவிடாமல் வைத்தது; தளமோ விரல் நுனியில் அடுத்த பாட்டை நீட்டிக்கொண்டே இருக்கிறது.

‘அல்காரிதம்’ எனப்படும் கணினி நெறிமுறையே இன்றைய ஆற்றுப்படைக்காரன். ஆனால் பழைய பாணனுக்கும் இவனுக்கும் வேறுபாடு பெரிது. பாணன் தான் உண்ட சோற்றின் சுவையை அறிந்து வழி சொன்னான். இவன் எதனையும் கேட்டதில்லை. கேட்டவர்கள் எதன்பின் எதனைக் கேட்டனர் என்பதை மட்டுமே அறிவான். ஆகவே பழகியதற்கே மேலும் பழக்கம் தேடித் தருகிறான். சென்னைத் திரைப்பாடலைக் கேட்டவனுக்கு மற்றொரு சென்னைத் திரைப்பாடலே வந்து நிற்கிறது. பினாங்கின் பேச்சுத் தமிழில், மலாய்ச் சொல்லும் ஹாக்கியன் சொல்லும் இயல்பாகக் கலந்து, பெர்ரியையும் அங்காடிக் கடைகளையும் அடுக்குமாடி வீடுகளையும் பாடும் ஒரு பாட்டு அவன் கணக்கில் அயலான். அயலானாகாமல் இருக்க வேண்டிச் சென்னைக் குரலில் பாடத் தொடங்கும் இளைஞன், கேட்போரையும் முழுதாகப் பெறுவதில்லை. தன் ஊரையும் இழக்கிறான்.

உறுமி கற்பிக்கும் பாடம்

இந்நாட்டில் இணையம் வருமுன்பே தனித்தியங்கித் தன் காலில் நின்ற ஒரு தமிழிசை உண்டு. அதனை இசை ஆய்வாளர் போதிய அளவு மதித்ததில்லை. அதுவே உறுமி மேளம். தோட்டப்புறக் கோவில் திருவிழாக்களில் வளர்ந்து, தோட்டங்கள் கலைந்தபோது மக்களோடு நகரத்துக்கு வந்து, இன்று செபராங் பிறையிலும் தீவிலும் இளைஞர் குழுக்களாக வாழ்கிறது. எந்த நிறுவனமும் அதற்கு வாயில் திறக்கவில்லை. எந்தப் பள்ளியும் கற்பிக்கவில்லை. திரைப்படமும் நெடுநாள் திரும்பிப் பார்க்கவில்லை. இருந்தும் அழியவில்லை.

தைப்பூச நாளில் தண்ணீர்மலை முருகன் கோவிலுக்குச் செல்லும் சாலையில் நின்று பார்ப்பார்க்குக் காரணம் புலப்படும். இருமருங்கும் தண்ணீர்ப் பந்தல்கள், ஒவ்வொன்றிலும் ஒலிபெருக்கி, அதில் பெரும்பாலும் பிற ஊரில் பதிவான பாட்டு. இரைச்சலுக்கு நடுவே ஒரு காவடியின் முன்னால் வளைந்த குச்சியால் உறுமியைத் தேய்த்து இளைஞர் வாசிக்கின்றனர். காவடி எடுத்தவரின் குடும்பம் அக்குழுவைத் தேடிப் பிடித்து, நாள் குறித்து, கூலி பேசி அழைத்து வந்தது. கேட்போர் அவரே; புரப்போரும் அவரே; மலையடி வரை உடன் நடப்போரும் அவரே. எண்ணிக்கையில் அவர்கள் ஐம்பது பேர் இருக்கலாம். ஆனால் அந்த ஐம்பதின்மரின் பணம் எந்தத் தொட்டியிலும் கலக்காமல் வாசித்தவன் கையில் சேர்கிறது.

உறுமிக் குழுக்களும் இணையத்தைப் பயன்படுத்துகின்றன. வாசிப்பைப் படமெடுத்து ஏற்றுகின்றனர். பாடல்களைப் பதிவு செய்து வெளியிடுகின்றனர். ஆனால் அங்கே காணொளி சரக்கன்று, விளம்பரப் பலகை. அதனைக் கண்டவர் அடுத்த திருவிழாவுக்கோ திருமணத்துக்கோ அழைக்கின்றனர். இணையம் வழி காட்டுகிறது, ஊர் புரக்கிறது. வழிகாட்டியிடம் சோறு கேட்பதில்லை என்பதே அவர்களின் தெளிவு. எல்லா இசையும் உறுமியாக முடியாது. கோவிலும் சடங்கும் எல்லாப் பாட்டுக்கும் இடங்கொடா. அக்குழுக்களிடையே போட்டியும் பூசலும் உண்டு. எனினும், சிறு கூட்டமாயினும் தன்னை அறிந்த கூட்டத்தோடு நேர்ப் பிணைப்பு என்னும் அடிப்படை எவர்க்கும் பொருந்தும். உலகின் பிற பகுதிகளிலும் தனித்தியங்கும் இசைஞர் இதனையே கண்டுள்ளனர். 2008 இல் தொடங்கிய பாண்ட்கேம்ப் தளத்தில் கேட்போர் ஆல்பத்தை நேரே விலைக்கு வாங்குகின்றனர். பதிவிறக்க விற்பனையில் தளம் 15 விழுக்காடு எடுத்துக்கொண்டு, பணம் செலுத்தும் செலவு போக எஞ்சியது இசைஞரைச் சேர்கிறது. நூறு பேர் மனமுவந்து வாங்குவது, நூறாயிரம் பேர் கடந்து போவதைவிட அடுப்பை எரிய வைக்கும்.

செய்ய வேண்டுவன

இவற்றிலிருந்து மூன்று கடமைகள் பெறப்படுகின்றன. முதலாவது இசைஞருடையது. மலேசியப் பதிப்புரிமைச் சட்டம் 1987 ஆம் ஆண்டினது. பாட்டு எழுத்திலோ ஒலிப்பதிவிலோ உருப்பெற்ற அளவிலேயே உரிமை பிறக்கிறது. படைத்தவர் மறைந்து 50 ஆண்டு வரை நிற்கிறது. 2012 முதல் அறிவுசார் சொத்துரிமைக் கழகத்தில் விருப்ப அடிப்படையில் அதனைப் பதிந்து வைக்கவும் வழியுண்டு. பாடல் படைத்தோர்க்காக 1989 இல் அமைந்த எம்.ஏ.சி.பி. என்னும் கழகம், வானொலியிலும் பொது இடங்களிலும் ஒலிக்கும் பாட்டுக்கு உரிமத் தொகை திரட்டி உறுப்பினர்க்குப் பகிர்கிறது. பாட்டு முடிந்த அன்றே, நண்பர்களிடையே ஆயினும், எழுதியவர் யார், மெட்டமைத்தவர் யார், யாருக்கு எவ்வளவு என்று ஒரு தாளில் எழுதிக் கையொப்பமிடுவது நட்புக்கு இழுக்கன்று. எழுதாமல் விட்டதால் முறிந்த நட்புகளே மிகுதி.

இரண்டாவது ஊருடையது. ஜார்ஜ் டவுன் 2008 இல் உலக மரபுடைமை நகரமாயிற்று. 2010 முதல் ஜார்ஜ் டவுன் விழா நடந்து வருகிறது. பழைய பேருந்துப் பணிமனையான ஹின் பஸ் டிப்போ 2014 முதல் கலைக்கூடமாக மாறியிருக்கிறது. இடமில்லை என்று கூறுவதற்கில்லை. ஆயின் இத்தகைய இடங்களில் தமிழில் புதிதாகப் பாடும் குரல் எத்துணை அரிதாகக் கேட்கிறது! மரபுடைமை என்பது பழைய கட்டடம் மட்டுமன்று. அக்கட்டடத்தின் கீழ் இன்று பாடும் குரலுமாகும். மாதம் ஒருமுறை, எண்பது நாற்காலி கொள்ளும் ஒரு கூடத்தில், நுழைவுச் சீட்டு வைத்து, சொந்தப் பாட்டுக்கு மட்டுமே இடம் என்று விதித்து, தமிழ் அமைப்புகள் ஒரு நிகழ்ச்சி நடத்தினாலே போதும். எந்த அல்காரிதமும் செய்யாத வேலை நடந்துவிடும்.

மூன்றாவது கேட்போருடையது, இதுவே கடினமானது. வெளியூர்த் திரைப் பாடகர் வரும் கலை இரவுக்கு நூறு வெள்ளிச் சீட்டு வாங்கத் தயங்காத கை, ஊர் இளைஞனை விழாவுக்கு அழைக்கும்போது வாய்ப்புக் கொடுக்கிறோமே, காசு எதற்கு என்று கேட்கிறது. மேடையில் ஒரு பொன்னாடை போர்த்திப் படமெடுத்துக்கொள்வதே கொடை எனக் கருதப்படுகிறது. கரிகாலன் பொருநனுக்கு ஆடை அளித்தான் என்பது உண்மையே. ஆனால் ஆடையோடு அனுப்பிவிடவில்லை. பகிர்வதும் விருப்பக் குறியிடுவதும் வழி காட்டுதலின்பாற்படும், புரத்தலின்பாற்படா. ஆண்டுக்கு ஓர் ஊர்ப் பாடகரின் ஆல்பத்தை விலை கொடுத்து வாங்குவதும், ஒரு நிகழ்ச்சிக்குச் சீட்டு எடுப்பதும், வீட்டு விழாவில் பாடியவர்க்குப் பேசிய கூலியைப் பேசிய நாளில் கொடுப்பதும் எளிய மலேசியத் தமிழ்க் குடும்பத்துக்கும் இயல்வதே.

இல்லையேல் நேர்வது என்ன? பாட்டு நின்றுவிடாது, இளமை பாடிக்கொண்டுதான் இருக்கும். ஆனால் முப்பது வயதில் குடும்பம் வந்ததும் கித்தார் சுவரில் தொங்கும். பாடியவன் தொழிற்சாலை இரவுப் பணிக்குப் போவான். பாடத் தெரிந்த ஒவ்வொரு தலைமுறையும் பாதி வழியில் நின்றுவிட, இந்நாட்டுத் தமிழரின் வாழ்வு இந்நாட்டுத் தமிழிலேயே பாடப்படாமல் போகும். அவர்தம் மக்கள் தம் ஊரைப் பிறர் ஊர்ப் பாட்டில் தேடுவர். பொருநனோடு கரிகாலன் நடந்தது நெடுந்தொலைவு அன்று, ஏழே அடிதான். கேட்டு முடித்தபின் அவ்வளவு தொலைவு உடன் நடக்கும் கேட்போரை இங்கே ஒரு நூறு பேரேனும் ஆக்கிக்கொள்வதே, கோடிப் பார்வையைக் காட்டிலும் பினாங்குத் தமிழிசைக்கு இன்று வேண்டுவது.